அயடீன் அறைக் குணலட்சுமி

குணலட்சுமி வேலை செய்த அறையின் கதவில் ‘சமதானிப் பரிசோதனைக்கூடம்’ என்று பலகை தொங்கியது. சமதானி என்பது ஐசோடோப்புக்குப் பாடப்புத்தகத் தமிழ்; அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. நோயாளிகளும் தாதிமாரான மிஸிமாரும் படலையடியில் நிற்கிற காவல்காரரும் அதை அயடீன் அறை என்றுதான் சொன்னார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சங்கம் நடத்திவந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், எக்ஸ்ரே அறைக்கும் மருந்து கலக்கும் அறைக்கும் நடுவில் அது இருந்தது. உள்ளே நோயாளி இருக்க ஒரு கதிரை, அதற்கு எதிரே கழுத்தளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், கதிர்வீச்சை அளக்கிற எண்ணுமானி, ஈயக்கட்டிகள் அடுக்கிய ஒரு மூலை, சுவரோரமாக ஒரு மேசை. அவ்வளவுதான்.

கழுத்தில் கழலை உள்ளவர்களையும், காரணம் தெரியாமல் மெலிகிறவர்களையும், நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறவர்களையும் அங்கே அனுப்புவார்கள். கதிர் வீசும் அயடீன் கலந்த தண்ணீர் ஒரு மிடறு குடிக்கக் கொடுப்பார்கள். அடுத்த நாள் வரச் சொல்லிக் கதிரையில் இருத்தி, குடித்த அயடீனில் எத்தனை பங்கைக் கழுத்துச் சுரப்பி இழுத்து வைத்திருக்கிறது என்று எண்ணுமானியால் பார்ப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் வந்தால் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறது. கூடினால் அது தலைதெறிக்க ஓடுகிறது. குறைந்தால் சோம்பிக் கிடக்கிறது.

குணலட்சுமி மட்டுவிலில் கத்தரித் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பெண். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். கலியாணம் முடித்த பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சாவகச்சேரியில் பஸ் ஏறிப் பட்டினத்துக்கு வந்துபோனாள். முப்பத்தாறு வயது. அதிகம் கதைக்கமாட்டாள். ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் முகம் மாறிவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் என்று ஒரு பேச்சு இருந்தது. அது முழுப் பொய்யுமில்லை.

1984இல் அறையின் பொறுப்பாளர் டொக்டர் இராசநாயகம் இங்கிலாந்தில் இரண்டு வருடப் பயிற்சியை முடித்துக்கொண்டு திரும்பியபோது, தன் சொந்தப் பெட்டியில் ஒரு சின்னக் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார். தட்டச்சு இயந்திரம் போல எழுத்துக் கட்டைகள். ரீவியோடு பொருத்தினால் அதில் எழுத்து வரும். எழுதிய புறோகிறாமைப் பாட்டுக் கேட்கிற கசற்றில் பதிந்து வைக்கலாம். டொக்டருக்கு அதைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. குணலட்சுமி அதோடு வந்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று மாதத்தில் படித்து முடித்தாள்.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அயடீன் கொழும்பிலிருந்து ஈயச் செப்புக்குள் வைத்த போத்தலில் வரும். ரயில் ஓடுகிற நாளில் ரயிலில், ஓடாத நாளில் கிடைத்த வாகனத்தில். வழியில் நின்றாலும் நின்றதுதான். ஆனால் அயடீன் யாருக்காகவும் காத்திராது. எட்டு நாளைக்கு ஒருதரம் அதன் வீரியம் சரிபாதியாகிவிடும். ஒரு போத்தலில் ஆறு பங்கு எடுக்கலாம். ஐந்து பங்கு ஐந்து நோயாளிகளுக்கு. ஆறாவதை ஒருவருக்கும் கொடுக்காமல், மற்றவர்களின் கழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த ஆறாவது பங்கு அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போத்தலின் சீட்டில் எந்தத் திகதியில் எவ்வளவு வீரியம் என்று எழுதியிருக்கிறது. எத்தனை நாள் கழிந்தது என்று தெரியும். எண்ணுமானியின் குணமும் தெரியும். அப்படியென்றால் அந்த ஆறாவது பங்கு இன்றைக்கு எவ்வளவு காட்டும் என்பதைக் கொம்பியூட்டரே சொல்லிவிடாதா?

சொல்லியது. ஒரு மாதம் பழைய முறையையும் புது முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. 1985 சித்திரையிலிருந்து, அதாவது ஏப்ரிலிலிருந்து, பழைய முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு போத்தலிலும் ஆறு பேரைப் பார்க்கத் தொடங்கினார்கள். பருத்தித்துறையிலும் காரைநகரிலும் மாதக்கணக்கில் முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு இடம் பெரிய காரியம். இதற்காக அவர்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் குணலட்சுமி லீவு. டொக்டர் தானே புறோகிறாமை ஓட்டி, இரண்டு திகதிகளையும் இடம்மாற்றி அடித்துவிட்டார். நாட்கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போய், ரீவியில் ஒன்றுக்கும் உதவாத ஒரு எண் வந்து நின்றது. அடுத்த நாள் அதை அவளிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் எழுதிய ஒன்று நோயாளிக்கு முன்னால் கோமாளி வேஷம் போட்டது போல வெட்கமாக இருந்தது. பின்னேரம் பஸ்சுக்குப் போகிற அவசரத்தில் புறோகிறாமில் ஒரு வரியைச் செருகினாள். நாட்கணக்கு பூச்சியத்துக்குக் குறைந்தால் அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள். கசற்றில் பழையதற்கு மேலேயே பதிந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த தை மாதம் ஆறாம் திகதி, தங்கமுத்து என்று ஒரு பெண் வந்தாள். வடமராட்சிக் கடற்கரையில் வள்ளக்காரக் குடும்பம். நாற்பத்தொரு வயது, கன்னம் ஒட்டி, கண் பிதுங்கி, அயடீன் தண்ணீர்க் குவளையைப் பிடிக்கும்போது பாதி கையில் சிந்திவிடுமோ என்று குணலட்சுமி தானும் கூடப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கை நடுங்கியது. அடுத்த நாள் எண்ணியபோது கொம்பியூட்டர் இருபத்தெட்டு என்று காட்டியது. வழமை. குணலட்சுமி அப்படியே காயிதத்தில் எழுதிக் கொடுத்தாள். டொக்டர் தங்கமுத்துவின் நெஞ்சைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காயிதத்தைப் பார்த்தார். காயிதம் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மனப்பதற்றத்துக்கு ஒரு குளிசை எழுதி அனுப்பினார்.

பங்குனி முடிவில் தங்கமுத்து திரும்பி வந்தாள். இப்போது படியில் ஏறவே அவளால் ஏலவில்லை. டொக்டர் மனம் கேளாமல் மறுபடி அயடீன் அறைக்கு அனுப்பினார். இந்தமுறை அறுபத்தொன்று வந்தது. வருத்தம் இடையில் முற்றிவிட்டதாக்கும் என்று டொக்டர் நினைத்தார். குணலட்சுமிக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. கையைப் பிடித்த ஞாபகம் அவளுக்கு இருந்தது. தையில் நடுங்கிய கைதான் பங்குனியிலும் நடுங்கியது. தைப் போத்தலில் பார்த்த மற்றவர்களின் பதிவை எடுத்தாள். ஆறு பேர். ஆறு பேருமே முப்பதுக்குக் கீழே. ஒரு போத்தலில் அப்படி வந்ததை அவள் எட்டு வருடத்தில் கண்டதில்லை.

மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல், பென்சிலை எடுத்துக் கையால் செய்து பார்த்தாள். போத்தல் சீட்டில் மார்கழி 28, அதாவது டிசெம்பர் 28. திறந்தது தை 6, ஜனவரி 6. புறோகிறாம் திகதியை வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மாற்றி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். மார்கழி 28 வருடத்தின் முந்நூற்று அறுபத்திரண்டாம் நாள். தை 6 ஆறாம் நாள். ஆறிலிருந்து முந்நூற்று அறுபத்திரண்டைக் கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே எங்கேயோ போய்விடும். அவள் செருகிய வரி இல்லாமல் இருந்திருந்தால் ரீவியில் பைத்தியக்கார எண் ஒன்று வந்திருக்கும். எல்லோரும் திடுக்கிட்டு நின்றிருப்பார்கள். அந்த வரி இருந்தபடியால், ஒன்பது நாள் பழைய அயடீனைக் கொம்பியூட்டர் அன்றைக்கே செய்த புது அயடீன் என்று எடுத்துக்கொண்டது. நோயாளிகள் குடித்தது பாதிக்கும் குறைவு. கணக்கு முழுதாய்க் குடித்ததாக நினைத்தது. அறுபத்தொன்று இருபத்தெட்டாகியது. புறோகிறாம் கண்ட முதல் வருடப் பிறப்பு அது.

அவள் கதிரையில் இருந்தபடி அந்த ஒரு வரியைப் பல தடவை வாசித்தாள். வெட்கத்தை மறைக்கப் போட்ட வரி. பிழையைத் திருத்தவில்லை, பிழை கத்தாமல் வாயைப் பொத்தியிருந்தது.

டொக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் அவள் எழுதிய தாளைக் கடைசி வரை பார்த்துவிட்டு, வேறு யாரிடம் சொன்னாள் என்று கேட்டார். முதலில் அவரிடம்தான் என்றாள். அவர் கெட்ட மனிதரில்லை. அவருடைய பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கதிர் என்ற சொல்லைக் கேட்டாலே சனம் ஒதுங்கிப் போகிறது. அறையில் பிழை நடந்தது என்று வெளியே போனால் வரவேண்டியவர்களும் வராமல் விட்டுவிடுவார்கள். ஆறு பேரையும் மறுபரிசோதனை என்று கூப்பிடுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை என்றார். குணலட்சுமி மறுத்துப் பேசவில்லை. அது சரியா பிழையா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அடுத்த கிழமை தங்கமுத்து சரியான குளிசையை வாங்க வந்தபோது, டொக்டரைக் காணும் வரைக்கும் அயடீன் அறைக் கதிரையில் இருந்து கதைத்தாள். கேட்காமலே சொன்னாள். தைக் காயிதத்தை வீட்டில் அவளுடைய புருசனின் தமக்கை கமலாவதி வாங்கி வைத்திருந்தாளாம். ஆஸ்பத்திரியே ஒன்றுமில்லை என்று எழுதித் தந்திருக்கிறது, இவள் வேலைக் கள்ளத்துக்கு நடுங்குகிறாள் என்று ஒழுங்கையில் வீடு வீடாகக் காயிதத்தைக் காட்டினாளாம். கோயிலில் நூல் கட்டினார்களாம். அதற்கும் நடுக்கம் அடங்கவில்லை என்றதும் புருசனும் முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டுவிட்டானாம்.

“கடைசியிலை நானே நம்பீட்டன் பிள்ளை,” என்றாள் தங்கமுத்து. “என்ரை கையை நான்தான் வேணுமெண்டு நடுங்கவிடுறன் எண்டு. நித்திரையாலை எழும்பி அதைப் பாத்துக்கொண்டிருப்பன்.”

குணலட்சுமிக்கு டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் கைகள் மடியில் கிடந்தன, இன்னும் நடுங்கிக்கொண்டு.

“அக்கா, அந்தத் தைக் காயிதம் பிழை. உங்களுக்கு அப்பவும் வருத்தம் இருந்தது. மெசினிலை பிழையில்லை. கணக்கை எழுதினது நான். என்ரை பிழை.”

தங்கமுத்து கத்துவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். தங்கமுத்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப இதை வீட்டிலை வந்து சொல்லுங்கோ. நான் சொன்னால் எடுபடாது.”

ஞாயிற்றுக்கிழமை குணலட்சுமி புறப்பட்டாள். நெல்லியடியில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, கடற்கரைக்கு நடந்தாள். தைக் காயிதம் தவறானது என்றும், சரியான அளவு என்னவென்றும், தன் பெயரும் கையெழுத்தும் போட்டு ஒரு தாள் எழுதி வைத்திருந்தாள். முற்றத்தில் வலை காய்ந்தது. தங்கமுத்துவின் புருசன் முத்துக்குமாரு குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். கமலாவதி ஐம்பது வயதுக்காரி. வீட்டைத் தன் தோளில் தூக்கி நிறுத்துகிறவள் என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவள் தேத்தண்ணி கொடுத்தாள், தாளை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

“ஆஸ்பத்திரிக் காயிதம் எண்டுதான் நாங்கள் அதை நம்பினது,” என்றாள். “நாங்கள் இவவுக்குச் செய்தது அநியாயம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தங்கச்சி, இப்ப நீங்கள் கொண்டுவந்த காயிதம் சரியெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அதையும் நீங்கள்தானே எழுதினது?”

இந்தமுறை வடிவாய்ப் பார்த்தோம் என்று குணலட்சுமி ஏதோ சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சோர்ந்த மறுமொழி என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. எண்ணுமானியை வருடத்துக்கு ஒருதரம் பரிசோதித்து முத்திரை ஒட்டுகிறார்கள். அயடீன் போத்தலுக்கு வந்த திகதி, திறந்த திகதி, கொட்டிய திகதி என்று புத்தகம் இருக்கிறது. பக்கத்து அறையில் இருமல் பாணி கலப்பதற்குக் கூட இரண்டு கையெழுத்து வேண்டும். அவள் எழுதிய புறோகிறாம் மட்டும், அவள் மனம் போனபடி ஒரு பின்னேரத்தில் மாறலாம். அது மாறியதைக் கேட்கவும் ஆளில்லை, அறியவும் ஆளில்லை.

திங்கட்கிழமை டொக்டரிடம் இரண்டு விஷயம் சொன்னாள். தங்கமுத்து வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பது ஒன்று. மற்ற ஐந்து பேருக்கும் சொல்லத்தான் வேண்டும் என்பது மற்றது. டொக்டர் கோபித்தார். இரண்டு நாள் அவளோடு வேலை விஷயம் தவிர வேறு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கடிதங்களை எழுதி, கையெழுத்து வைத்து, அவளிடம் தபாலில் போடக் கொடுத்தார். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் மூன்று பேருக்கு ஒரு குறையும் இல்லை. சுரப்பி சோம்பல் என்று எண்ணி அவர்களுக்கு எழுதிய குளிசையை அன்றைக்கே நிறுத்தினார்கள். மற்றவருக்கு உண்மையாகவே சோம்பல்தான்; அவருடைய குளிசை தொடர்ந்தது. ஆறாவது ஆள் நமசிவாயம் என்று ஐம்பத்திரண்டு வயதுக்காரர். உண்மையான அளவு ஐம்பத்துநான்கு இருந்திருக்கவேண்டும். இருபத்தைந்து என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர் கொடுத்த விலாசம் நல்லூரில் ஒரு உறவினர் வீடு. உறவினர் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணியில் இருப்பவர் என்று மட்டும் அயலார் சொன்னார்கள். குணலட்சுமி அங்கே இருந்த இரண்டு உபதபால் கந்தோர்களுக்கு எழுதினாள். பதில் வரவில்லை.

சங்கத்தின் செயலாளர் பரமலிங்கம், கோட்டில் நாற்பது வருடம் வழக்குப் பேசி இளைப்பாறியவர். செய்தி அவருக்கு எட்டியதும் கூட்டம் கூட்டினார். ஆஸ்பத்திரிக்குள் எழுதுகிற புறோகிறாமுக்கு என்ன சட்டம் என்று கொழும்பில் உரிய கந்தோரைக் கேட்டு எழுதினார். ஆறு கிழமை கழித்து நாலு வரியில் பதில் வந்தது. கதிர் வீசும் பொருளை வாங்குவது, வைத்திருப்பது, கொட்டுவது மட்டுமே தங்கள் பொறுப்பு. கணக்குப் பார்க்கும் முறை மருந்துமல்ல, கருவியுமல்ல. அதற்கென்று விதி ஏதும் இல்லை.

பரமலிங்கத்துக்கு அது போதும். விதி இல்லாத இடத்தில் கால் வைக்கக்கூடாது, கொம்பியூட்டரைக் கட்டி அலுமாரிக்குள் வையுங்கள் என்றார். டொக்டர் விடவில்லை, பழைய முறைக்குப் போனால் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பவேண்டும், அதுவும் ஒரு தீங்குதான் என்றார். இரண்டு பேரும் குணலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் டொக்டர் பக்கம்தான் கதைப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“இப்ப நிப்பாட்டுங்கோ,” என்றாள். “விதி இல்லையெண்டால் நாங்கள் எங்களுக்கு ஒண்டு போடுவம். அந்த விதிக்குள்ளை புறோகிறாம் நிண்டு காட்டினால் திரும்ப எடுப்பம்.”

அவள் சொன்ன விதிகள் பெரிய வித்தையல்ல. எழுதினவர் சரி பார்க்கக்கூடாது. ஒரு எழுத்து மாற்றினாலும் புறோகிறாமுக்குப் புது இலக்கம். மாற்றியது என்ன, ஏன் என்று கொப்பியில் எழுதவேண்டும். கையால் செய்த பழைய நோயாளிக் கணக்குகளை ஒரு கொப்பியில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவை அத்தனையையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். பொருந்தாத எண் வந்தால் புறோகிறாம் தானாக எதையும் எடுத்துக்கொள்ளாமல் நிற்கவேண்டும். நோயாளியின் காயிதத்தில் புறோகிறாமின் இலக்கமும் இரண்டு பேரின் கையெழுத்தும் இருக்கவேண்டும். கடைசியாக, டொக்டரின் கண் ஒன்றும் காயிதம் ஒன்றும் சொன்னால், பழைய முறையில் மறுபடி எண்ணவேண்டும். இதைச் சொல்லும்போது அவள் டொக்டரைப் பார்க்கவில்லை. அவரே அதை எழுதச் சொன்னார்.

சரி, பார்ப்பது யார்? புறோகிறாம் தெரிந்த வேறு ஆள் ஆஸ்பத்திரியில் இல்லை. டொக்டர் தான் பார்ப்பதாகச் சொன்னார். அவளும் அவரும் ஒரே மாதிரி யோசிக்கிறபடியால்தான் இரண்டு பேருமே பிழையைக் காணவில்லை என்று குணலட்சுமி மறுத்தாள். பரமலிங்கம் யோசித்துவிட்டு, மருந்து கலக்கும் அறை மார்கிரட்டின் பெயரைச் சொன்னார்.

குணலட்சுமிக்கு மனம் விழுந்துபோயிற்று. மார்கிரட் அவளைவிட ஒரு வயது இளையவள், குருநகர்க்காரி. ஒரு கையெழுத்துக் குறைந்ததற்காகக் குணலட்சுமியின் ஸ்பிரிட் போத்தல் விண்ணப்பத்தை மூன்று தரம் திருப்பி அனுப்பியவள். இரண்டு பேரும் அடுத்தடுத்த அறையில் இருந்தும் நாலு வருடமாக நேரே கதைத்ததில்லை. மார்கிரட் கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதுமில்லை. விளங்காத ஒன்றை எப்படிச் சரிபார்ப்பாள் என்று குணலட்சுமி அவள் முகத்துக்கு நேரேயே கேட்டாள்.

“விளங்கினால் நானும் உங்களோடை சேர்ந்து தலையாட்டுவன்,” என்றாள் மார்கிரட். “எனக்கு உது விளங்கத் தேவையில்லை. என்ன போட்டால் என்ன வரவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

குணலட்சுமி திகதிப் பிழையைத் திருத்தி, வருடத்தையும் கணக்கில் சேர்த்து, இலக்கம் இரண்டு என்று பெயர் வைத்துக் கொடுத்தாள். மார்கிரட் மூன்று கிழமை, வேலை முடிந்து தினமும் ஒரு மணித்தியாலம், ஒரு விரலால் கட்டைகளைக் குத்தினாள். மாசி முப்பத்தொன்று, அதாவது இல்லாத பெப்ரவரி 31 என்று அடித்தாள். வீரியத்தைப் பூச்சியம் என்று அடித்தாள். நோயாளியின் பெயர் வரவேண்டிய இடத்தில் திகதியை அடித்தாள். இப்படி ஒருவரும் செய்யமாட்டார்கள் என்று குணலட்சுமி பொறுமையிழந்து சொன்னபோது, களைத்த மனுசர் எல்லாம் செய்வினம் என்றாள். மருந்துப் போத்தல்களின் காலாவதித் திகதியையே பார்த்துப் பழகியவள்; எப்போதும் இரண்டு வருடம் முன்னால் நின்றுதான் யோசிப்பாள். ஒரு நாள் 1988 மாசி இருபதையும் பங்குனி ஐந்தையும் கொடுத்தாள். பதின்மூன்று நாள் என்று கொம்பியூட்டர் சொன்னது. மார்கிரட் சுவரில் பென்சிலால் கோடு கோடாகக் கீறி எண்ணிவிட்டு, பதினாலு என்றாள்.

குணலட்சுமி எண்ணிப் பார்த்தாள். 1988 நெட்டாண்டு. மாசிக்கு இருபத்தொன்பது நாள். அவள் மறந்துபோனாள்.

அவளுக்கு முகம் சுட்டது. மார்கிரட் சிரிக்கவில்லை, பெருமைப்படவுமில்லை. கொப்பியை நீட்டி, என்ன பிழை, யார் கண்டது என்று எழுதச் சொன்னாள். தன் பிழையைத் தன் கையாலேயே எழுதி, கீழே இன்னொருத்தியின் பெயரை எழுதிய அந்த நிமிஷம் கசப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிறபோது கசப்பு போய்விட்டது. எட்டு வருடம் தனியாகச் சுமந்த ஏதோ ஒன்றின் மறுபக்கத்தை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

நாலாம் இலக்கம்தான் தேறியது. ஆவணியில் திரும்பவும் ஆறு பேரைப் பார்க்கத் தொடங்கினார்கள். தங்கமுத்து அதற்குள் ஒன்பது இறாத்தல் கூடிவிட்டாள். குளிசையைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 1987இல் ஒருதரம் காட்ட வந்தபோது, மீன் வெட்டுகிற கத்தியை இப்போது திரும்பத் தன்னிடமே தந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் கமலாவதியும் பழையபடி ஒத்துப்போனார்களா என்று குணலட்சுமி கேட்கவில்லை. அது கேட்கிற விஷயமாக அவளுக்குப் படவில்லை.

1989இல் தெற்கில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் இராசநாயகத்தின் பழைய கூட்டாளி ஒருவர் எழுதினார். உங்களிடம் ஒரு புறோகிறாம் இருக்கிறதாமே, கசற்றில் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று. டொக்டர் உடனே அனுப்பத் தயார். குணலட்சுமி ஒரு நாள் தவணை கேட்டாள். அந்த நாள் முழுக்க மார்கிரட்டோடு அதைப் பற்றிக் கதைத்தாள். புறோகிறாமுக்குள் இந்த எண்ணுமானியின் குணம்தான் எழுதியிருக்கிறது. அங்கே இருப்பது வேறு எண்ணுமானி. அங்கே யாராவது ஒரு பின்னேரம் ஒரு வரியைச் செருகினால் இங்கே யாருக்குத் தெரியும்? இங்கே ஒரு பிழையைக் கண்டால் அங்கே யார் திருத்துவது? தங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற வரைக்கும்தான் தங்களால் அதற்குப் பொறுப்பு நிற்கமுடியும் என்று மார்கிரட் சொன்னாள். கொடுக்காமல் விடுவதும் குணலட்சுமிக்குச் சரியாகப் படவில்லை. அங்கேயும் ஆறாவது ஆள் ஒருவர் காத்திருப்பார்.

கடைசியில் கசற்றை அனுப்பவில்லை. சோதனைக் கொப்பியை, முதற் பக்கத்தில் தையில் நடந்த பிழை உட்பட, நாற்பத்திரண்டு பக்கத்தையும் கையால் பிரதி எழுதினார்கள். பாதி ஒருத்தி, பாதி மற்றவள். நீங்களே ஒன்று எழுதுங்கள், எழுதாத ஒருவரைக் கொண்டு இதை வைத்துப் பாருங்கள் என்று ஒரு கடிதமும் வைத்தார்கள். கூட்டாளி டொக்டருக்கு அது பிடிக்கவில்லை போலும். நன்றி என்று ஒரு வரி கூட வரவில்லை. அந்தக் கொப்பி பயன்பட்டதா, குப்பைக்குப் போனதா என்று அவர்களுக்குத் தெரியவரவேயில்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, மின்சாரம் போயிற்று. அயடீனும் நின்றது. ஈயக்கட்டிகள் மேல் சாக்கு மூடி அறையைப் பூட்டினார்கள். டொக்டர் இராசநாயகம் பொது நோயாளரைப் பார்த்தார். குணலட்சுமி இரத்தப் பரிசோதனைக்கு மாறி, யன்னல் வெளிச்சத்தில் நுணுக்குக்காட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால், நமசிவாயம் என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்பதை மட்டும் அவள் விடவில்லை. ஒருமுறை ஒருவர் தெரியும் என்றார். கதைத்துப் பார்த்ததில் அது வேறொரு நமசிவாயம்.

1995 ஐப்பசி முடிவில் இராணுவம் நெருங்கிவர, பட்டினமும் வலிகாமமும் விட்டுச் சனம் எல்லாம் மழையில் நனைந்துகொண்டு, மட்டுவில் இருக்கிற தென்மராட்சிக்குள் வந்தது. மூன்றாம் நாள் மட்டுவிலில் குணலட்சுமியின் படலையைத் திறந்துகொண்டு மார்கிரட் வந்தாள். ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் மருந்துப் பெட்டி. ஐந்து மாதம் அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்காக இரண்டு பேரும் ஒரு வகுப்பறையில் வாங்கு ஒன்றைப் போட்டு, கிடைத்த மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் பிள்ளைகளோடு தாய்மார் முற்றத்தைத் தாண்டி வரிசையில் நின்றார்கள்.

மார்கிரட் பாணியை அளந்து சின்னப் போத்தலில் ஊற்றுவாள். குணலட்சுமி போத்தலை வாங்கி, பிள்ளையின் வயதைக் கேட்டு, அளவைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி, மார்கிரட் ஓம் என்ற பிறகுதான் தாயின் கையில் கொடுப்பாள். வரிசை நீளமாயிருந்தது. கெதியாக் குடுங்கோவன் என்று பின்னால் நின்ற ஒருவர் சலித்துக்கொண்டார். குணலட்சுமி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்த போத்தலை வாங்கி, அளவைச் சொன்னாள்.